பழைய பள்ளிக்கூடத்தை எடுப்பது எப்படி?

(யூபிலி ஆண்டுப் பங்குப் பொதுக்கூட்டத்தில் கட்டிடக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



யூபிலியின் நினைவாகப் பள்ளிக்கூடத்திற்குப் புதுக் கட்டிடம் எழுப்ப வேண்டுமென்று சென்ற பொதுக்கூட்டத்தில் நாம் ஒருமனதாய்த் தீர்மானித்தோம். அதைப் பற்றி இனிப் பேச்சில்லை. கடலைப் பார்த்திருக்கும் பழைய ஓட்டுக் கட்டிடத்தையும், அதன் தென்புறம் பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய கான்கிரீட் அறைகளையும் எடுத்தால்தான் புதியதற்கு இடம் கிடைக்கும். நமக்கு வேறு மனை கிடையாது. ஆகவே எடுக்க வேண்டியதுதான். ஆனால் எப்படி எடுப்பது, எடுத்த சாமானை என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்காமலேயே கூட்டம் கலைந்துவிட்டது. இன்று அதைப் பேசத்தான் உங்கள் முன் நிற்கிறோம்.

இடிப்பு வேலைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். ஜே.சி.பி. இயந்திரத்தைக் கொண்டுவந்து இரண்டே நாளில் தரைமட்டமாக்கித் தருகிறேன், மரத்தையும் கம்பியையும் நான் எடுத்துக்கொள்கிறேன், உங்களுக்கும் ஒரு தொகை தருகிறேன் என்றார். கல்லையும் மண்ணையும் எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டோம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்தப் பதிலில்தான் எங்களுக்குத் தயக்கம். ஊருக்கு வடக்கே ஓடையின் வாயில் மேடு தட்டிக் கிடக்கும் இடிசல் எல்லாம் இப்படி யாரோ பார்த்துக்கொண்டவைதான். மழைக்காலத்தில் தண்ணீர் கடலுக்கு வடியாமல் கீழத்தெருவிற்குள் ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதைக் கீழத்தெருக்காரர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இக்காலத்தில் படித்தவர்கள் ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்று ஒரு பெயர் சொல்கிறார்கள். பூமியிலிருந்து தோண்டி எடுப்பது, ஒருமுறை உபயோகிப்பது, பிறகு குப்பையில் எறிவது என்ற நேர்வழிப் போக்கை விட்டு, எடுத்த பொருளையே திரும்பத் திரும்ப வேலைக்குக் கொண்டுவருவது என்பது அதன் பொருள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலிலும் இதைக் குறிப்பிடுகிறார். உற்பத்தி செய்வதில் இப்படிப்பட்ட சுழற்சி முறையை மனித சமுதாயம் இன்னும் கைக்கொள்ளவில்லை என்பது அவர் கவலை. பெயர் புதிது, காரியம் நம் ஊருக்குப் புதிதல்ல. கிழிந்த வலையைப் பொத்தாமல் எறிகிறவன் எவன்? கடலுக்கு உதவாமற்போன வள்ளத்துப் பலகை ஆட்டுக்கொட்டிலுக்குக் கதவானதை நாம் பார்த்ததில்லையா? வீட்டைப் பிரித்து வேறு மனையில் கட்டும்போது நிலையும் கதவும் கைமரமும் உடன் போகும், செங்கல்லும் போகும். ‘வீட்டை இடித்தார்கள்’ என்று அக்காலத்துப் பெரியவர்கள் சொல்வதில்லை, ‘வீட்டைப் பிரித்தார்கள்’ என்றுதான் சொல்வார்கள். எங்கள் வேண்டுகோளின் சாரமே அந்த வார்த்தை வித்தியாசம்தான்.

உலகமெங்கும் கட்டிட வேலைக்காக ஆண்டுதோறும் அள்ளப்படும் மணலும் சரளையும் ஏறத்தாழ 5,000 கோடி டன் என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2022-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அந்த எண் நம் அறிவுக்கு எட்டாத எண். நம் கண்ணுக்கு எட்டுகிற கணக்கு ஒன்றைச் சொல்கிறோம்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். இன்று அவற்றில் இரண்டு தண்ணீருக்கு மேலே இல்லை. தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. கடல் மட்டம் உயர்வதும் அலை அரிப்பும் ஒரு பக்கம் இருக்க, அந்தத் தீவுகளைச் சுற்றி அரணாக நின்ற முருகைக்கல் பாறைகளைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்ததும் இதற்குப் பெரிய காரணம். வெட்டிய கல் எங்கே போயிற்று? சுண்ணாம்புக் காளவாசலுக்கும், தொழிற்சாலைகளுக்கும், வீட்டுச் சுவருக்கும், சாலைக்கும் போயிற்று. 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் பவளப் பாறைகள் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அப்படியும் வெட்டுவது உடனே நிற்கவில்லை. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்து, பாறையும் தீவும் அலைக்கு அணையாக நிற்பதை எல்லோரும் உணர்ந்த பிறகுதான் 2005 வாக்கில் அது நின்றது. பாறை போன இடத்தில் மீனும் போகும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

நம் பழைய பள்ளிக்கூடத்தின் அஸ்திவாரத்திலும், ஜன்னல் மட்டம் வரை சுவரிலும் இருப்பது அதே முருகைக்கல். வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, நம் பாட்டனாரும் பாட்டியாரும் கரையிலிருந்து தலையில் சுமந்து சேர்த்த கல். அக்காலத்தில் அது குற்றமில்லை. கிடைத்த கல்லில் கட்டினார்கள். ஆனால் இனி அந்தக் கல்லைக் கடலிலிருந்து எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. அப்படிப்பட்ட கல்லை உடைத்து ஓடையில் கொட்டினால், நம் கடல் கொடுத்ததை இரண்டு தடவை வீணாக்கியவர்களாவோம்.

கல்லுக்கு மேலே இருப்பது செங்கல். செங்கல்லை இணைத்திருப்பது சுண்ணாம்புச் சாந்து. இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் யோசனை முழுவதும் இந்தச் சாந்தின் குணத்தை நம்பியே இருக்கிறது.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாசலில் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. 100 கிலோ சுத்தமான கல்லில் 44 கிலோ வாயுவாகப் போய், 56 கிலோ நீறாத சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். மணல் சேர்த்து அரைத்துச் சுவரில் வைத்தபின், காற்றிலுள்ள கரியமில வாயுவை அது கொஞ்சங் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. கல் சுண்ணாம்பாகி, சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. சுழற்சி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை. (காளவாசலில் எரித்த விறகின் புகை தனி. அதை மறைக்க விரும்பவில்லை.) கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த அக்காலத்துக் கொத்தனார்களுக்கு வேதியியல் தெரியாது, ஆனால் சாந்து எப்படி இறுகும் என்பது தெரியும். 

இந்தச் சாந்துக்கு இன்னொரு குணம் உண்டு. இது செங்கல்லைவிடச் சற்று மென்மையானது. ஆகவே சுவரைப் பிரிக்கும்போது சாந்து உதிர்ந்து, செங்கல் முழுசாகக் கையில் வரும். கரணையின் முனையால் இரண்டு சுரண்டு சுரண்டினால் போதும். சிமெண்டுக் கலவையில் கட்டிய சுவர் அப்படியல்ல. அங்கே கலவை செங்கல்லைவிடக் கெட்டி. பிரிக்கப் போனால் கலவை விடாது, செங்கல்தான் உடையும். உறுதி உறுதி என்று நாம் சிமெண்டைத் தேடிப் போனோம். அந்த உறுதியே செங்கல்லை ஒரே ஒரு பிறவிக்கு உரியதாக்கிவிட்டது. எங்கள் குழுவிலுள்ள இரண்டு கொத்தனார்கள் பழைய கட்டிடத்தின் கிழக்குச் சுவரில் ஒரு மூலையைப் பிரித்துக் காட்டினார்கள். வந்த செங்கற்களைத் தட்டிப் பார்த்தால் இன்றைக்கும் கணீரென்று சத்தம் கேட்கிறது. புதுச் செங்கல் ஒன்றைச் சுடுவதற்குத் தோண்டும் களிமண்ணும், எரிக்கும் சீமைக்கருவேல விறகும், ஏற்றிவரும் லாரி டீசலும் இந்தச் செங்கல்லுக்கு வேண்டாம். எல்லாச் செலவும் நம் முன்னோர் கணக்கில் முடிந்துவிட்டது.

சிமெண்டைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 1,450 டிகிரி வரை சூடாக்கித் தயாராகும் அந்தப் பொருள் இல்லாமல் இன்று இரண்டு மாடி எழுப்ப முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். நாம் கட்டப்போவதும் கான்கிரீட் தூண் நிறுத்திய கட்டிடந்தான். ஆனால் உலகில் மனிதன் வெளியேற்றும் கரியமில வாயுவில் 100-க்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டுத் தொழிலிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேற்பட்டது எரிபொருளால் வருவதுகூட அல்ல, சுண்ணாம்புக் கல்லிலிருந்தே வெளியேறுவது. அடுப்பை எவ்வளவு சிக்கனமாக எரித்தாலும் அந்தப் பங்கு குறையாது. குறைக்க ஒரே வழி, வேண்டிய இடத்தில் மட்டும் சிமெண்டைப் போடுவது.

கடற்கரையில் கான்கிரீட்டுக்கு வேறொரு சோதனையும் உண்டு. தெற்கேயுள்ள கான்கிரீட் அறைகளை எல்லோரும் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். தளத்தின் அடிப்பக்கம் பொரிந்து விழுந்து, கம்பி துருப்பிடித்து எலும்பு போலத் தெரிகிறது. பழைய ஓட்டுக் கட்டிடத்தை விட வயதில் மிக இளைய அறைகள் அவை! காரணம் இதுதான். உப்புக் காற்று நுண்ணிய துவாரங்கள் வழியே உள்ளே போய்க் கம்பியைத் துருவாக்குகிறது. துரு இரும்பைவிடப் பலமடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அது வீங்க வீங்கக் கான்கிரீட் வெடிக்கிறது. சுண்ணாம்புச் சுவர் காற்றை உறிஞ்சி இறுகுகிறது. கான்கிரீட்டோ காற்றையும் உப்பையும் உறிஞ்சினால் உள்ளேயிருக்கும் கம்பிக்கு ஆகாது. ஆகவே புதுக் கட்டிடத்தில் கம்பிக்கு வெளியே போதிய கனத்திற்குக் கான்கிரீட் மூடல் விட வேண்டும், நல்ல தண்ணீரில் கலக்க வேண்டும், கழுவாத கடல் மணல் ஒரு கூடைகூட உள்ளே வரக்கூடாது என்று என்ஜினியரிடம் எழுதியே கொடுத்திருக்கிறோம். நீண்ட நாள் நிற்கும் கட்டிடம்தான் எல்லாவற்றிலும் சிக்கனமான கட்டிடம்.

சரி, பிரித்த சாமானைக் கொண்டு என்ன செய்யலாம்? இதற்கு வழிகாட்ட ஒருவர் நம் பக்கத்து ராஜ்யத்தில் வாழ்ந்திருக்கிறார். லாரி பேக்கர் என்ற அந்த ஆங்கிலேயக் கட்டிடக்கலை நிபுணர் 1945-இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியரோடு இந்தியராக வாழ்ந்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் காலமானார். 1990-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்களெல்லாம் அந்த இடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் எண்ணம் தம் தொழிலை நடத்தியதாக அவர் சொல்வார். திருவனந்தபுரத்திற்கு வெளியே ஸ்ரீகாரியத்தில் சேசு சபையாரின் லயோலா வளாகத்தில் அவர் கட்டிய சிற்றாலயத்தையும் மண்டபத்தையும் நம்மில் சிலர் பார்த்திருக்கலாம். பூசாத செங்கல் சுவர்தான், சிறு சிறு துவாரங்கள் வழியே வெளிச்சமும் காற்றும் வருகின்றன. அதைப் பார்த்து ஏழைத்தனம் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

அவர் பரப்பிய இரண்டு முறைகள் நமக்கு நேராகப் பொருந்துகின்றன. ஒன்று ‘எலிப்பொறிக் கட்டு’. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, உள்ளே பொந்து விட்டுக் கட்டுவது. அதே ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகும், கலவையும் குறையும். உள்ளேயிருக்கும் காற்று வெயிலைத் தடுக்கும். நம்மிடமுள்ள பழைய செங்கல் எல்லாச் சுவருக்கும் காணாது என்ற நிலையில், இந்தக் கட்டு நமக்குக் கிடைத்த வரப்பிரசாதம். இரண்டாவது, ‘ஃபில்லர் ஸ்லாப்’ என்று மேஸ்திரிகள் சொல்லும் தளம். கூரைத் தளத்தில் பாரத்தின் அமுக்கத்தை மேற்பாதிக் கான்கிரீட் தாங்குகிறது, இழுப்பை அடியிலுள்ள கம்பி தாங்குகிறது. கம்பிகளுக்கு இடையே அடிப்பகுதியில் கிடக்கும் கான்கிரீட் பெரும்பாலும் சும்மா கிடக்கிற பாரம். அந்த இடத்தில் பழைய சீமை ஓடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்து வார்த்தால் சிமெண்டும் மிச்சம், பாரமும் குறைவு, அறையும் சற்றுக் குளிர்ச்சி.

சீமை ஓட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஜெர்மானிய மிஷனரிமார் 1865-இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியது அது. நம் கூரையில் 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 150 ஓடு இருக்கிறது. மேற்கு முகப்பு ஓடுகள் சில உப்பரித்துச் செதில் செதிலாகப் போய்விட்டன. மற்றவை நல்லபடியாகவே இருக்கின்றன. உடையாத ஓடு சைக்கிள் கொட்டகைக்கும் சமையற்கூடத்துக்கும் கூரையாகும். மூலை உடைந்தவை ஃபில்லர் ஸ்லாப்புக்குப் போகும். நொறுங்கியதை இடித்துத் தூளாக்கினால் சுர்க்கி கிடைக்கும். சுண்ணாம்புச் சாந்தில் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும் குணத்தை அது கொடுக்கும். ஓட்டில் ஒரு துண்டுகூட வெளியே போக வேண்டியதில்லை.

உத்திரமும் கைமரமும் பர்மாத் தேக்கு என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் ஆசாரிமார் தட்டிப் பார்த்து, உத்திரம் மட்டும் தேக்கு, கைமரமெல்லாம் வைரம் பாய்ந்த பனை என்கிறார்கள். நமக்கு இரண்டும் ஒன்றுதான். இடிப்பு வேலைக்காரர் அந்த மரத்தை மனதில் வைத்துத்தான் தொகை பேசினார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். செட்டிநாட்டில் பெரிய வீடுகளைப் பிரித்து, தூணும் நிலையும் காரைக்குடிக் கடைகளில் விலைக்கு வைத்திருப்பது எல்லோரும் அறிந்தது. வாங்குபவர்கள் தூரத்துப் பட்டணங்களின் ஓட்டல்காரர்களும் பணக்காரர்களும். அழியாமல் பிழைத்தது மட்டும் நல்லது. ஆனால் ஓர் ஊரின் சொத்து அந்த ஊருக்கு வெளியே போய்விட்டது. நம் மரம் நம் பள்ளிக்கே பெஞ்சாகவும், கரும்பலகைச் சட்டமாகவும், நூலக அலமாரியாகவும் வர வேண்டும் என்பது எங்கள் ஆசை.

கான்கிரீட் அறைகளின் இடிசல்தான் சிக்கலானது. கம்பியைப் பிரித்தெடுத்து இரும்புக் கடைக்குப் போடலாம். இரும்பை எத்தனை முறை உருக்கினாலும் இரும்புதான். உடைத்த கான்கிரீட்டை ஜல்லியாகத் திரும்ப உபயோகிக்க 2016-இல் திருத்திய இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 383, அனுமதிக்கிறது. கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவிகிதம் வரையும், சாதாரண வலுவுள்ள கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவிகிதம் வரையும், அடித்தளத்துக்குப் போடும் வலுக்குறைந்த கான்கிரீட்டில் முழுவதுமாகவும் சேர்க்கலாம். டில்லியில் புராரி என்ற இடத்தில் 2009 முதல் இதற்கென ஆலையே இயங்கியது. ஆனால் நம் இடிசலில் உப்பு ஏறியிருக்கிறது. சட்டம் அனுமதித்தாலும் அதைப் புதுக் கம்பியின் பக்கத்தில் கொண்டுபோக நாங்கள் சம்மதிக்கமாட்டோம். கையால் உடைத்து, விளையாட்டு மைதானத்து நடைபாதைக்கும், கெபிக்குப் போகும் பாதையின் மேட்டுக்கும் சல்லியாகப் போடுவதே சரி.

புதிதாக வாங்க வேண்டிய சாமானிலும் யோசிக்க இடமுண்டு. இந்திய நிலக்கரியில் 100-க்கு 30 முதல் 45 பங்கு சாம்பல். 1979-இல் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியதிலிருந்து குவிந்த சாம்பலைக் காற்றடிக்கும் நாளில் நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். அந்தச் சாம்பலோடு மணலும் சுண்ணாம்போ சிமெண்டோ சேர்த்து அழுத்தி, தண்ணீர் விட்டுப் பதப்படுத்தினால் சூளையில் சுடாமலே கல் கிடைக்கிறது. 1999 முதல் மத்திய அரசு அறிவிப்புக்கு மேல் அறிவிப்பாக வெளியிட்டு, சாம்பலை இப்படிப் பயன்படுத்தச் சொல்லிவருகிறது. பி.பி.சி. என்று மூட்டையில் அச்சிட்ட சிமெண்டிலும் 15 முதல் 35 சதவிகிதம் சாம்பல்தான். கடற்கரைக் கட்டிடத்துக்கு அது நல்லதும்கூட. பழைய செங்கல் தீர்ந்த இடத்தில் சாம்பல் கல் போடலாம். ஆனால் எல்லாக் கல்லும் ஒன்றல்ல. பரிசோதனைச் சீட்டு இல்லாத கல்லை வண்டியிலிருந்து இறக்கவிடமாட்டோம்.

இனி, எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள் சில. ‘இயற்கை இயற்கை என்கிறீர்களே, அப்படியானால் ஓலைக் கொட்டகை போட்டுவிடலாமே’ என்று ஒரு தம்பி கேலியாகக் கேட்டார். 2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்து ஓலைக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டார்கள். அந்த நாளை நினைக்கிற எவரும் குழந்தைகள் தலைக்கு மேல் ஓலை வைக்கத் துணியமாட்டார். மண்ணில் மக்கும் பொருள் என்பதால் மட்டும் ஒரு பொருள் நல்லதாகிவிடாது. எங்கே, யாருக்கு என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதேபோலச் சமையற்கூடத்தின் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை யாரும் இலவசமாகக் கிடைக்கிறதென்று வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். அவற்றை உடைத்தால் கிளம்பும் நுண்ணிய இழை நெஞ்சுக்குள் போய்ப் பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிவரும். தண்ணீர் தெளித்து, உடைக்காமல் முழுசாக இறக்கி, மூடிக் கட்டி, ஆபத்தான கழிவு என்று அதற்குரியவர்களிடம் ஒப்படைப்போம். சுழற்சிக்கு வரக்கூடாத பொருளும் உண்டு.

‘யூபிலிக் கட்டிடத்துக்குப் பழைய சாமானா? அக்கம் பக்கத்துப் பங்குக்காரர்கள் சிரிக்கமாட்டார்களா?’ என்று வருத்தத்தோடு கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. கொலோசெயம் என்ற பெரிய அரங்கம் 1349-இல் நிலநடுக்கத்தில் ஒரு பக்கம் சரிந்தபோது, அந்தக் கற்களைக் கொண்டு ரோமாபுரியில் அரண்மனைகளும் ஆலயங்களும் ஆஸ்பத்திரிகளும் கட்டினார்கள். ரோமாபுரிக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு?

கடைசியில் பணம். இதில் மறைத்துப் பேச எங்களுக்கு மனமில்லை. ஜே.சி.பி. இரண்டு நாளில் முடிப்பதை ஆட்கள் பிரிக்க ஆறு வாரமாவது ஆகும். கூலி கொடுக்க வேண்டும். வேலைக்காரர் தருவதாகச் சொன்ன தொகையும் வராது. செங்கல், ஓடு, மரம், கல் ஆகியவற்றின் மதிப்பைக் கழித்துப் பார்த்தால் ஏறத்தாழச் சரிக்குச் சரி வருகிறது. பெரிய இலாபம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கூலி எங்கே போகிறது என்று பாருங்கள். இயந்திரத்துக்கு டீசலாகவும் வாடகையாகவும் போவதற்குப் பதில், மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாமல் வீட்டிலிருக்கும் நம் குடும்பங்களுக்குள் போகிறது. ஆகவேதான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள அந்த 61 நாளுக்குள், பள்ளி விடுமுறையும் சேர்ந்து வருவதால், பிரிக்கும் வேலையை முடித்துவிடத் திட்டமிட்டிருக்கிறோம். 

அரசு விதிகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன. 2016-இல் வந்த கட்டிட இடிபாட்டுக் கழிவு விதிகள், கான்கிரீட், மண், இரும்பு மரம் முதலியன, செங்கல் கலவை என்று வகை பிரித்து வைக்கப் பெரிய கட்டிடக்காரர்களுக்குக் கட்டளையிட்டன. 2025-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வெளியிடப்பட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் என அறிவிக்கப்பட்டது. நம் வேலை சிறியதானாலும் வகை பிரிப்பதை அப்படியே செய்வோம். நீர்வழியில் ஒரு கூடை மண்கூடக் கொட்டமாட்டோம்.

ஏற்பாடு இப்படி. கூரையிலிருந்து ஆரம்பித்துக் கீழே வருவோம். ஓடு முதலில், பிறகு கைமரம், உத்திரம், நிலை கதவு, அப்புறம் சுவர். செங்கல்லைச் சுரண்டி அடுக்கும் வேலைக்கு மாதர் சங்கத்தார் முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் சித்தாள் கூலி உண்டு, தர்மத்துக்கு அல்ல. உப்புப் பூத்த செங்கல் தனி அடுக்கு; அது சுவருக்கு வராது. நல்ல செங்கல்லிலும் மாதிரி எடுத்து என்ஜினியர் சோதித்த பிறகுதான் எதை எந்தச் சுவருக்கு என்று முடிவாகும். குழந்தைகள் யாரும் வேலிக்குள் வரக்கூடாது, ஓடு எண்ணுவதற்குக்கூட. சாமான் கணக்கு நோட்டு அறைவீட்டு வராந்தாவில் மேஜை மேல் இருக்கும். வந்தது, போனது எல்லாம் அதில் அன்றன்றைக்கு எழுதப்படும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். கொட்டகைச் சாவி கோயில்பிள்ளையிடம்.

முருகைக்கல்லைக் கெபியைச் சுற்றித் தணிந்த சுவராகச் சுண்ணாம்புச் சாந்திலேயே கட்டிவிடலாம் என்பது எங்கள் யோசனை. வருங்காலத்தில் யாருக்காவது வேண்டியிருந்தால் பிரித்து எடுத்துக்கொள்வார்கள்.

இன்னும் ஒரே ஒரு காரியம் பாக்கி. பழைய கட்டிடத்தின் வடக்கு வாசல் நிலையில், மேற்சட்டத்தில் ஒரு சிலுவையும் அதன் கீழே கட்டிய ஆண்டும் செதுக்கியிருக்கிறது. சாயம் மேல் சாயமாகப் பூசி எழுத்து மறைந்து கிடந்தது. ஆசாரி சுரண்டிக் காட்டினார். மரம் கல் போலிருக்கிறது, கறையான் தொடவில்லை. அந்த நிலையைப் புதுக் கட்டிடத்தின் பெரிய வாசலுக்கு வைக்க வேண்டும் என்கிறார் குழுவில் பாதிப்பேர். உயரம் காணாது, முதல் வகுப்பு வாசலுக்கு வைத்தால்தான் சரியாகப் பொருந்தும் என்கிறார் மற்றப் பாதிப்பேர். இதில் மட்டும் எங்களால் முடிவுக்கு வர இயலவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.